சட்டாம்பிள்ளையும் சித்தாளும்

"படிக்கிற புள்ளைங்கள எல்லாம் நீங்க வச்சிக்கிறீங்க. படிக்காத புள்ளைங்கள எங்கிட்ட தள்ளிட்டீங்க. எம்.ஏ. படிச்சது நீங்களா, நானாண்ணா?"

இப்படி என்னைக் கேட்டது எங்கள் காலனி மாலை வகுப்பில் எனக்குத் துணையாக இருந்த பெண். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். எனக்குத் தங்கச்சி முறை. கேட்டுவிட்டு டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு கழுவப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றிருந்தேன். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வெட்கம் வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் வந்தது.

நடந்தது இதுதான். திண்டிவனம் பக்கம் எங்கள் காலனியில் மன்றக் கட்டடத்தில் மாலை வகுப்பு நடத்துகிறோம். முப்பத்திநாலு பிள்ளைகள். ஒரே கூடம், இரண்டு டியூப் லைட். எட்டாவது ஒன்பதாவது படிக்கிற, நன்றாகப் படிக்கிற பதினோரு பேரை நான் வைத்துக்கொண்டேன். மிச்சம் இருபத்திமூணு பேர் அவளிடம். இரண்டாம் வகுப்பு வாண்டிலிருந்து எழுத்துக் கூட்டத் தெரியாத எட்டாம் வகுப்புப் பையன் வரை எல்லாரும் அதில்தான். அது தவிர அஞ்சரை மணிக்கே வந்து கூடத்தைப் பெருக்குவது, பாய் விரிப்பது, குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பது, வருகைப் பதிவு எடுப்பது, சின்னதுகளுக்கு மூக்குத் துடைப்பது, அழுகிறதை வீட்டில் கொண்டுபோய் விடுவது எல்லாம் அவள் வேலை. நான் ஆறே காலுக்கு வண்டியில் வந்து இறங்குவேன். பதிவேட்டின் முதல் பக்கத்தில் பொறுப்பாளர் என்று என் பெயர் இருந்தது. அவள் பெயர் எங்கேயும் இல்லை.

அன்றைக்கு வெளியூரிலிருந்து தோழர்கள் சிலர் வகுப்பைப் பார்க்க வந்தார்கள். என் பிள்ளைகள் அம்பேத்கரைப் பற்றிப் பேசிக் காட்டினார்கள். கைதட்டல். அவளை டீ வாங்கி வர அனுப்பியிருந்தேன். வந்தவர்களில் ஒருவர் மூலையில் இருந்த ஆறாம் வகுப்புப் பையனிடம், "ஒங்க அப்பா பேர எழுது தம்பி" என்று நோட்டை நீட்டினார். அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுதவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் சட்டென்று சொன்னேன்: "அது அந்தப் பொண்ணு பாக்குற குரூப்பு தோழர்."

அவள் டீயோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

இதை ஏன் எழுத வேண்டும்? ஒரு காலனி மாலை வகுப்பில் நடந்த சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வகுப்பறையில் ஆசிரியருக்குத் துணையாக ஒருவரை வைத்துக்கொள்கிறோம். அவரை எதற்கு வைத்துக்கொள்கிறோம், எப்படி வைத்துக்கொள்கிறோம் என்கிற கேள்வியில் இந்தச் சமூகத்தின் முழு ஏணியும் வந்து நின்றுவிடுகிறது. 'நல்லா பயன்படுத்திக்கணும்' என்று சொல்கிறோமே, ஒரு மனுஷியை அப்படிப் பயன்படுத்திக்கொள்வது சரியா? சரி என்றால் எது வரைக்கும்? உதவி எந்த இடத்தில் ஏவலாகிறது? மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தக் கூடாது என்று மேலைத் தத்துவத்தில் காண்ட் சொன்னதாகப் படித்திருக்கிறோம். கருவியாக இருந்து பழகிய நமக்கு அதைச் சொல்ல ஜெர்மானியர் தேவையில்லை. ஆனால் நாமே இன்னொருவரைக் கருவியாக்கும்போது நமக்குச் சொல்ல யாராவது தேவைப்படுகிறது.

*

நான் படித்த பள்ளியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊர்த் தெருவில் இருந்தது. பெயர் வேண்டாம். அங்கே வாத்தியாருக்கு இரண்டு விதமான உதவியாளர்கள் இருந்தார்கள். இருவருமே எங்களைப் போன்ற பிள்ளைகள்தான்.

ஒருவன் லீடர். வாத்தியார் வெளியே போனால் பிரம்பு அவன் கைக்கு வரும். பலகையில் 'பேசுபவர்கள்' என்று எழுதிக் கோடு போட்டு, கீழே பெயர் எழுதுவான். எங்கள் காலத்தில் லீடர் எப்போதும் ஊர்ப் பையன்தான். இன்னொரு உதவியாளனுக்குப் பட்டம் எதுவும் கிடையாது. வகுப்பு பெருக்க வேண்டும், தொட்டியில் தண்ணீர் ரொப்ப வேண்டும், கக்கூஸில் வாளி ஊற்ற வேண்டும் என்றால், "காலனிப் பசங்க ரெண்டு பேரு எழுந்திருங்கடா" என்று குரல் வரும். யார் எழுந்தாலும் சரிதான். பெயர் தேவையில்லை.

ஆக, பிரம்பு பிடிக்கிற உதவி ஒன்று, விளக்குமாறு பிடிக்கிற உதவி ஒன்று. ஒன்றுக்குப் பெயர் உண்டு, மற்றதற்குத் தெரு மட்டும் உண்டு. இது பழங்கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததற்காக ஒரு தலைமையாசிரியை கைதானார். அதற்கு முன் 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டாரத்தில் சத்துணவு சமைக்க வந்த தலித் பெண்ணைச் சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் தடுத்தார்கள். நம் கை கழிப்பறையைக் கழுவலாம், சோற்றைத் தொடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் எந்த உதவியை எந்தக் கை செய்ய வேண்டும் என்பதைக் கல்வித் துறை மட்டுமா தீர்மானிக்கிறது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அஞ்சாம் வகுப்பில் ஒருநாள் லீடர் வரவில்லை. வாத்தியார் ஏதோ நினைப்பில் என்னைக் கூப்பிட்டுப் பிரம்பைக் கொடுத்துவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் முதல் அதிகாரம். அன்று நான் பலகையில் எழுதிய பெயர்களில் பாதிக்கு மேல் எங்கள் தெருப் பசங்களுடையது. ஊர்ப் பையன்கள் பேசியபோது எனக்குக் காது கேட்கவில்லை. நான் எழுதினதால் என் பக்கத்து வீட்டுப் பையன் அன்று அடி வாங்கினான். சாயங்காலம் திரும்பி வரும்போது அவன் என்னோடு பேசவில்லை. மாலை வகுப்பில் அந்தப் பெண் கேட்ட அன்று இரவு எனக்கு ஞாபகம் வந்தது இந்தப் பையன் முகம்தான்.

*

லீடருக்குப் பழைய பெயர் சட்டாம்பிள்ளை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு அடுத்தவன். மூத்த மாணவன். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பான், ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பான், அடிக்கவும் செய்வான். இந்தச் சட்டாம்பிள்ளைக்கு ஓர் உலக வரலாறு இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்கிற பாதிரியார் 1787-இல் இந்தியாவுக்கு வந்தார். சென்னை எழும்பூரில் வெள்ளைச் சிப்பாய்களுடைய அநாதைப் பிள்ளைகளுக்காக 1789-இல் தொடங்கிய ஆண்கள் காப்பகத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. ஒருநாள் உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். காப்பகத்திலும் அப்படிச் செய்யுங்கள் என்று தன் ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் ஒத்துழைக்கவில்லை. சரி என்று எட்டு வயதுப் பையன் ஒருவனை அழைத்து, அவனைவிடச் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். அது நடந்தது. 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அதற்குப் பெயர். ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் அதே போன்ற முறையை லண்டனில் நடத்தினார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த முறை பரவியது. பெல் விட்டுச்சென்ற பணத்தில் கட்டிய பள்ளி ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரில் இருக்கிறது.

இந்த முறை அப்படிப் பரவக் காரணம் என்ன? மலிவு. ஒரே ஒரு வாத்தியார், கீழே கூலியில்லாத சட்டாம்பிள்ளைகள், நூற்றுக்கணக்கில் பிள்ளைகள். பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்குத் தனி ஆசிரியர். ஏழைப் பிள்ளைக்கு இன்னொரு ஏழைப் பிள்ளை. வகுப்பறை உதவியாளர் என்கிற யோசனை அநேகமாக எல்லா இடத்திலும் இப்படித்தான் பிறந்திருக்கிறது. ஏழைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், ஆனால் செலவு ஆகக் கூடாது.

நமக்கு இதில் இன்னொரு கசப்பும் உண்டு. திண்ணை ஊரில் இருந்தது. சேரியில் ஏது திண்ணை? நம் பாட்டன்மாரைத் திண்ணை மேல் ஏற்றாத ஊரின் முறை கப்பலேறி லண்டன் வரைக்கும் போனது. சேரியிலிருந்து அந்தத் திண்ணைக்கு நாலு தெரு தூரம்தான். அதைத் தாண்ட நமக்கு இன்னொரு நூறு வருஷம் ஆனது.

*

அம்பேத்கர் தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியதை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். வீட்டிலிருந்து கொண்டு போன சாக்கில் மூலையில் உட்கார வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொட முடியாது. பள்ளிக்கூடத்துப் பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் வரவில்லையென்றால் தாகத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இதைப் பல தடவை மேடையில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தப் பியூனைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் கீழே இருந்தவன் அவன். வாத்தியார் சொன்னால் ஓட வேண்டியவன். அவனுக்கும் கீழே ஒரு குழந்தையை வைத்திருந்தார்கள். குழாயின் திருகு அவன் கையில் இருந்தது. படிநிலையிட்ட சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதன் சூட்சுமம் இதுதானே. மிதிபடுகிறவனுக்கும் மிதிக்க ஒருவனைக் காட்டிவிடுவது. அதனால்தான் ஏணி உடையாமல் நிற்கிறது.

என் கதையும் அதே ஏணிதான். நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பேரில் இருக்கிறது, சம்பளத்தில் இல்லை. நிரந்தரப் பேராசிரியர்கள் எடுக்காத நேரத்து வகுப்புகள், விடைத்தாள் கட்டு, விழாவுக்கு நாற்காலி போடுவது எல்லாம் எங்களைப் போன்றவர்கள் தலையில் விழும். அந்த அவமானத்தைப் பற்றி நான் கட்டுரை எழுதியிருக்கிறேன், கூட்டத்தில் பேசியிருக்கிறேன். பேசிவிட்டு வந்து, சாயங்காலம் ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணை டீ வாங்க அனுப்பியிருக்கிறேன்.

*

சரி, துணைக்கு ஆள் இல்லாமலே வகுப்பு நடத்திவிடலாமா? முடியாது. முப்பத்திநாலு பிள்ளைகளை ஒருவன் பார்க்க முடியாது. உதவி தேவை. எப்படிப்பட்ட உதவி என்பதுதான் கேள்வி. இதில் இரண்டு ஆய்வுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டும் நேர் எதிராகப் பேசுவதுபோல் இருக்கும்.

இங்கிலாந்தில் வகுப்பறை உதவியாளர்கள் நிறைய. 2003-இலிருந்து 2009 வரை அங்கே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. உதவியாளரிடம் அதிக நேரம் இருந்த பிள்ளைகள், அவர்களைப் போலவே இருந்த மற்ற பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறினார்கள் என்று அது காட்டியது. உதவியாளர் மேல் குற்றம் இல்லை என்பதையும் அந்த ஆய்வே சொன்னது. பின்தங்கிய பிள்ளை உதவியாளரிடம் போனதும் ஆசிரியர் அந்தப் பிள்ளையிடம் பேசுவதே குறைந்துவிட்டது. இன்று என்ன பாடம் என்று உதவியாளரிடம் முன்கூட்டிச் சொல்ல ஆசிரியருக்கு நேரம் இல்லை. உதவியாளர்கள் வேலையை எப்படியாவது முடித்துக் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் விடையைத் தாங்களே சொல்லிவிட்டார்கள். படித்தபோது எனக்கு யாரோ எங்கள் மன்றக் கூடத்தின் ஜன்னலில் நின்று பார்த்து எழுதியதுபோல் இருந்தது.

இரண்டாவது நம் நாட்டில் நடந்தது. மும்பையிலும் வதோதராவிலும் 'பிரதம்' அமைப்பு பால்சகி என்றொரு திட்டம் நடத்தியது. பால்சகி என்றால் குழந்தைகளின் தோழி. அந்தந்தப் பகுதியிலேயே பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்கள், அரசுப் பள்ளியில் பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் தனியாக உட்காரவைத்து எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுத்தார்கள். 2001-இலிருந்து 2003 வரை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் அதை ஆராய்ந்தார்கள். இவர்களில் பானர்ஜியும் டுஃப்லோவும் 2019-இல் பொருளாதார நோபல் வாங்கியவர்கள். பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள். அதிலும் கடைசியில் இருந்தவர்கள்தான் அதிகம் முன்னேறினார்கள். வகுப்பில் கூட்டம் குறைந்த பிறகும், ஆசிரியரிடமே தங்கிவிட்ட பிள்ளைகளுக்கு அதனால் லாபம் இல்லை.

அப்படியானால் எது உண்மை? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பால்சகிக்கு இன்ன வேலை என்று தெளிவாக இருந்தது, பயிற்சி இருந்தது. பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கேயிருந்து அவள் தொடங்கினாள். அவள் கையில் பிரம்பும் இல்லை, விளக்குமாறும் இல்லை, புத்தகம் இருந்தது. அங்கே இங்கிலாந்தில் பல உதவியாளர்களுக்கு இது எதுவும் கிடைக்கவில்லை.

ஆனால் நம் அரசுகளும் பணம் கொடுக்கிறவர்களும் இந்த ஆய்விலிருந்து எதை எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பெண்களுக்கு மாதம் ஐந்நூறிலிருந்து எழுநூற்றைம்பது ரூபாய்தான் கொடுக்கப்பட்டது. குறைந்த செலவில் நிறைந்த பயன் என்பார்கள். பெல் பாதிரியார் காலத்துப் பேச்சேதான். நம் மாநிலத்தில் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். கொரோனாவில் பள்ளி மூடி எழுத்து மறந்துபோன பிள்ளைகளுக்குத் தெருத் தெருவாக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் காலனியிலும் நடந்தது. பெரிய காரியம், மறுக்கவில்லை. ஊக்கத்தொகை மாதம் ஆயிரம் ரூபாய். அந்தப் பெண்களால் முடியும் என்று நிரூபணமாகிவிட்டது. முடியும் என்றால் கூலி ஏன் இவ்வளவு? நிரூபித்தவளுக்கு அடுத்த படி எங்கே?

*

என் அம்மா சித்தாள். முப்பது வருஷம் கலவை சுமந்தவள். கட்டட வேலையில் கொத்தனாருக்கு ஒத்தாசை சித்தாள். தமிழில் உதவி செய்கிறவருக்கு எத்தனையோ சொல் இருக்கிறது. துணை, ஒத்தாசை, கையாள், எடுபிடி, ஏவலாள், குற்றேவல் செய்பவர். 'துணை'யிலிருந்து 'எடுபிடி'க்கு இறங்குகிற படிக்கட்டை எம்.ஏ.வில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

அம்மா கொத்தனார்களை இரண்டாகப் பிரிப்பாள். "ஒருத்தன் காலையிலயே சொல்லிடுவான். இன்னிக்கி பூச்சு வேல, சலிச்ச மணலு, இத்தினிக்கி இத்தினி சிமிட்டின்னு. நாம அதுக்குத் தக்கன கலந்து வச்சிடுவோம். இன்னொருத்தன் சாரத்து மேல நின்னுகினு 'கலவ, கலவ'ன்னு கத்திகினே இருப்பான். என்னா வேலன்னு சொல்ல மாட்டான். அவங்கிட்ட வேல செஞ்சா ஒடம்பு மட்டுமா வலிக்கும்?"

நான் இரண்டாவது கொத்தனார். அந்தப் பெண்ணிடம் ஒருநாளும் நாளைக்கு என்ன பாடம் என்று சொன்னதில்லை. வந்து நின்று "முடிச்சாச்சா?" என்று மட்டும் கேட்பேன். 'புரிஞ்சுதா' என்று கேட்டதில்லை. அதனால் அவளும் பிள்ளைகளின் நோட்டில் தானே எழுதிக் கொடுத்துவிடுவாள். நோட்டு நிறையும். பிள்ளைக்கு அப்பா பெயர் எழுத வராது.

அந்த வாரமே மாற்றினோம். எழுதப் படிக்கத் தெரியாத ஒன்பது பேரை நான் எடுத்துக்கொண்டேன். பெரிய பிள்ளைகள் தாங்களே வாசிக்க, அவள் கேள்வி கேட்பது என்று வைத்தோம். வாண்டுகளை ஒருநாள் அவளும் ஒருநாள் நானும் பார்த்துக்கொண்டோம். முதல் பத்து நாளில் எனக்கு ஒன்று தெரிந்தது. எனக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாது. தொல்காப்பியத்துப் பிறப்பியல் படித்தவனுக்கு ஒரு பையனுக்கு எழுத்துக் கூட்டக் கற்றுத்தர வரவில்லை. கத்தினேன். அவன் கையிலிருந்த சிலேட்டு நடுங்கியது. அவள் அந்தப் பக்கம் இருந்தே சொன்னாள்: "அண்ணா, அவன் எழுத்தப் பாக்கல. ஒங்க மூஞ்சிய பாத்துகினு இருக்கான்."

அப்பா பெயர் எழுதாத அந்தப் பையனைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. வருஷா வருஷம் தை மாசத்துக்கு மேல் அவன் அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய்விடுவான். மழைக்கு முன்னால்தான் திரும்புவார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் பாதிதான் அவன் இருந்திருக்கிறான். சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. வரிசை வரிசையாக அடுக்கிய கல்லை அந்தப் பையன் கண்ணாலேயே எண்ணிவிடுவான். நோட்டில் பெருக்கல் போடச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வான். "ஒரு வரிசைக்கி இருவது கல்லு, பன்னண்டு வரிச, எத்தினிடா?" என்று அவள் கேட்டாள். "எரநூத்தி நாப்பது." யோசிக்கவே இல்லை. நோட்டில் இருந்த அதே கணக்கு. இந்த அறிவு அவ்வளவும் ஆறு மாதமாக அவளிடம் இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை. துணைக்கு வருகிறவரிடம் தெருவின் அறிவு இருக்கிறது, பிள்ளையின் பேச்சு இருக்கிறது, வீட்டில் நேற்று நடந்த சண்டை வரைக்கும் தெரிந்திருக்கிறது. டீ வாங்க அனுப்பி இதையெல்லாம் வீணடிக்கிறோம்.

இப்போது சனிக்கிழமை அரை மணி நேரம் இருவரும் உட்கார்ந்து அடுத்த வாரத்தைப் பேசுகிறோம். எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று அவள் சொல்கிறாள், நான் எழுதிக்கொள்கிறேன். பிள்ளைக்குப் பதில் யாரும் எழுதித் தரக் கூடாது, எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு விதி. கடைசிப் பிள்ளை வாரத்தில் பாதி நாளாவது என்னிடம் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. உதவியாளரின் வேலை ஆசிரியரின் கையைக் காலியாக்குவது. காலியான கையோடு ஆசிரியர் போக வேண்டிய இடம் கடைசி வரிசை. அங்கே போகாமல் முதல் வரிசையில் நின்றுகொண்டால், உதவியாளரை வைத்துப் பிள்ளைகளைத் தள்ளி வைத்தோம் என்றுதான் அர்த்தம்.

விளக்குமாற்றுக்கு முறை வைத்தோம். செவ்வாய்க்கிழமை என் முறை. முதல் நாள் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பையனின் அம்மா வாசலில் நின்று, "நீ இன்னாத்துக்கு சார் பெருக்குற, பொம்பளப் புள்ளைங்க இத்தினி பேரு இருக்குதே" என்று விளக்குமாற்றைப் பிடுங்க வந்தார். ஊர்க்காரன் நம்மிடம் விளக்குமாற்றைக் கொடுத்தான். நாம் அதை நம் பெண்களிடம் கொடுத்துவிட்டுச் சுயமரியாதை பேசிக்கொண்டிருக்கிறோம்.

பதிவேட்டில் அவள் பெயரையும் எழுதினேன். இந்தக் கட்டுரையிலும் எழுதட்டுமா என்று கேட்டேன். "வேணாண்ணா, படிக்கிறவங்க என்ன எதாச்சும் நெனைப்பாங்க" என்றாள். அதனால் எழுதவில்லை.

*

அந்தப் பையன் இப்போது அப்பா பெயரை எழுதுகிறான். ஒரு கால் அளபு விட்டுப்போகிறது. எழுதுகிறான். அவள் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. சேர்ந்திருக்கிறாள். புத்தகங்களைச் சனிக்கிழமை கொண்டு வருவாள். பாதி நேரம் நான் அவளுக்கு உதவியாளன்.

இதோடு முடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போன மாதம் ஒரு சாயங்காலம் அம்மா வகுப்பைப் பார்க்க வந்தாள். சுவரோரம் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிள்ளைகள் போன பிறகு கேட்டாள்: "இதுல யாருப்பா கொத்தனாரு, யாரு சித்தாளு?"

எனக்குப் பெருமையாக இருந்தது. "அப்பிடி இங்க யாரும் இல்லம்மா. ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்றேன்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னா குடுக்குற?"

"நன்கொட வசூலாவறதப் பொறுத்தும்மா. மாசம் ஆயிரத்தி ஐநூறு."

அம்மா முட்டியில் கை ஊன்றி எழுந்தாள். முப்பது வருஷம் கலவைச் சட்டி சுமந்தவள், ஒரு நாளும் கரண்டி பிடித்துப் பூசவிடப்படாதவள். முந்தானையை உதறிக்கொண்டு சொன்னாள்:

"அப்ப சித்தாளுதான்."

அடுத்த மன்றக் கூட்டத்தில் பேச வேண்டிய பொருள் இது ஒன்றுதான் என்று எழுதி வைத்திருக்கிறேன். கூட்டத்துக்கு அவளையும் வரச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு டீ வாங்குவது நான்.